கனிஷ்காவின் ஒன்பது கிலோ

கொழுந்தமங்கலத்தில் சொல்லாத விஷயங்களுக்கு எடை வந்தது எந்த ஆடி மாதம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், அதை வைத்துச் சண்டைகூடப் போடுவார்கள், ஆனால் முதலில் ஏறியது யாருடைய எடை என்பதில் மட்டும் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அது மினிபஸ் ஓட்டும் இளவழகனுக்கும் தையல்காரி செல்வராணிக்கும் பிறந்த ஒரே மகள் கனிஷ்கா. அப்போது வயது பதிமூன்று, படிப்பது எட்டாம் வகுப்பு, ஆடுவது நாலுதெரு இமயம் மகளிர் கபடிக் கழகத்தில். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியைவிட உயரமான எதுவும் கிடையாது என்பதால்தான் கழகத்துக்கு இமயம் என்று பெயர் வைத்தோம், இல்லாத ஒன்றை வேறு எப்படித்தான் வரவழைப்பது.

கழகத்தின் செயலாளர் கலியமூர்த்தி இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணியும் கம்பியும் நிறுக்கும் அவர் கடைத் தராசில்தான் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளை நிறுத்து நோட்டில் எழுதுவார்கள், ஏனென்றால் மாவட்ட அணித் தேர்வில் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேலிருக்கும் பிள்ளையை ஆட்டத்தைப் பார்க்காமலேயே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிற்சியாளர் ராஜாங்கம் மாஸ்டர், கலியமூர்த்தியின் தங்கை புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாவட்டக் கோப்பை ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் டீக்கடையில் அவருக்கு மட்டும் எப்போதும் கண்ணாடி டம்ளர், மற்றவர்களுக்குக் காகிதக் கப்.

களத்தில் இறங்குமுன் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பது எல்லாக் கபடிக் களத்திலும் உள்ளதுதான். இமயத்தில் மட்டும் இரண்டாவது சிட்டிகை ஒன்று உண்டு, அதை நாக்கில் வைத்து விழுங்க வேண்டும், களத்தில் நடந்தது களத்தைத் தாண்டாது என்று அதற்குப் பொருள். மாஸ்டர் கொண்டுவந்த வழக்கம் அது. அதில் பெற்றவர்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது, பக்கத்து ஊர்க்காரர்களிடம் போய் "எங்க புள்ளைங்க மண்ணை முழுங்கி சத்தியம் பண்ணுதுங்க, உங்க ஊருல உண்டா?" என்று கேட்டுவிட்டு வருவோம். இப்போது நினைத்தால் எங்களை நாங்களே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை நடந்தது இதுதான். கனிஷ்காவின் உயிர்த்தோழி மோனிஷா ஐம்பத்தாறு கிலோ இருந்தாள், ஒரு கிலோ அதிகம். அந்த ஒரு கிலோவை வியர்வையாக இறக்கிவிடலாம் என்று மாஸ்டர் அவளுக்கு மழைக்கோட்டு மாட்டி, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் கொடுக்காமல், உச்சி வெயிலில் களத்தைச் சுற்றி ஓடவிட்டார். பதினோராவது சுற்றில் அவள் மயங்கி விழுந்தாள், மோவாயில் மூன்று தையல் போட்டார்கள். மாஸ்டர் மற்ற ஆறு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு சிட்டிகை மண் கொடுத்து, "சைக்கிள்லேர்ந்து விழுந்தா. என்ன?" என்றார். "சைக்கிள்லேர்ந்து விழுந்தா மாஸ்டர்" என்று ஆறு பேரும் விழுங்கினார்கள். தையலின் வலி ஆறுமுன் ஏழாவதாக மோனிஷாவும் விழுங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு கிலோ கனிஷ்கா நாற்பத்தொன்பது காட்டினாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஐம்பத்திரண்டு. ஏழு பிள்ளைகளும் அதே கணக்கில் ஏறிக்கொண்டு போனார்கள், தராசில்தான் கோளாறு என்று ரேஷன் கடையில் நிறுத்தார்கள், பழைய பேப்பர் கடையில் நிறுத்தார்கள், அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்தார்கள், எல்லாத் தராசும் கூடிப் பேசி வைத்தாற்போல ஒரே எண்ணைச் சொல்லின. ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள், கோயிலில் கண்ணேறு என்றார்கள், பரோட்டாக் கடைக்காரர் என் கடைப் பக்கம் பிள்ளைகள் வருவதே இல்லை சாமி என்று யாரும் கேட்காமலே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். மாஸ்டர் முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார், பிறகு காலைச் சாப்பாட்டை, பிறகு எச்சிலையும் விழுங்காமல் டம்ளரில் துப்பச் சொன்னார், அப்படியும் ஏறி ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒன்பது கிலோவில் வந்துதான் நின்றது, கனிஷ்கா ஐம்பத்தைந்தைத் தொட்டதும் அவளுக்கும் ஒரு மழைக்கோட்டு வந்தது.

தேர்வு வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை என்றிருக்க, அதற்கு முந்தைய திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்த மகளுக்குப் புதுச் சீருடை தைக்க செல்வராணி இஞ்சு நாடாவை இடுப்பில் சுற்றினாள், ஒருமுறை பார்த்தாள், கழற்றி மறுபடி சுற்றினாள்.

"ரெண்டு இஞ்சு குறைஞ்சிருக்கேடி. இடுப்பு இறங்கிப்போச்சு, எடை மட்டும் எங்கேர்ந்து ஏறுது? கல்லைக் கில்லை முழுங்குறியா?"

"கல்லு இல்லம்மா, மண்ணு" என்றாள் கனிஷ்கா, சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே மழைக்கோட்டையும் பதினோரு சுற்றையும் டம்ளரையும் சைக்கிளையும் சொன்னாள், சொல்லி முடித்ததும் எத்தனையோ நாளைக்குப் பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள். எட்டு தோசை தின்றாள். மறுநாள் காலை ரேஷன் கடைத் தராசில் ஏறினால் நாற்பத்தாறு கிலோ, எட்டு தோசையையும் சேர்த்து.

ஒன்பது கிலோ எங்கே போனது என்று யாரும் தேடவேண்டியிருக்கவில்லை. அன்று காலை செல்வராணி உட்கார்ந்ததும் தையல் மெஷின் ஸ்டூல் இரண்டு காலை விரித்துக்கொண்டு படுத்துவிட்டது.

"செலக்‌ஷன் முடியட்டும்டி, ஒரு வாரம்தானே, அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் அவளும் மகளிடம் சொல்லியிருந்தாள். கனிஷ்கா, "அப்போ மோனி? சனிக்கிழமை மறுபடி ஓடணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரும்மா" என்று கேட்டாள். மோனிஷாவின் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள், அத்தை வீட்டில் வளரும் பிள்ளை, அவளுக்காகக் கேட்க ஆள் கிடையாது. செல்வராணியால் இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது, புதன்கிழமை புருஷனிடம் சொல்லி இறக்கிவிட்டாள், வியாழக்கிழமை மினிபஸ் டிரைவர் பக்கம் சாய்ந்தபடியே ஊருக்குள் வந்தது. இளவழகன் நல்ல மனுஷன், ஆனால் சண்டை என்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவன், மாஸ்டரிடம் நேரே போய்க் கேட்கத் தைரியம் வராமல், "கழகத்து விஷயம், நீங்கதான் பாக்கணும்" என்று செயலாளர் கலியமூர்த்தியின் காதில் போட்டுவிட்டு நிமிர்ந்த பஸ்ஸோடு வீடு போய்ச் சேர்ந்தான்.

இந்தப் பக்கம் ஸ்டூலையும் பஸ்ஸையும் பார்த்து விஷயம் ஊருக்குப் புரிந்துவிட்டது, சொல்லாமல் வைத்தால் ஏறுகிறது, சொன்னால் கேட்டவருக்குப் போகிறது. அந்த வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் ஊரில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. இருபத்திரண்டு வருஷமாக உன் ரசம் எனக்குப் பிடிக்கவில்லை என்று போஸ்ட்மேன் தன் பெண்டாட்டியிடம் சொல்லி நாலு கிலோ இறங்கினார், அந்த அம்மாள் நாலு கிலோவோடு போய் நாத்தனாரிடம் வேறொன்றைச் சொல்லி ஆறு கிலோ இறங்கினாள். பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு காய்கறி வாங்கினார்கள், யாராவது "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் ஓட்டம் பிடித்தார். பால்காரர் வைத்தி, பாலில் தண்ணீர் கலப்பதை டீக்கடைக்காரரிடம் சொல்லி அவர் தலையில் ஒன்றரைக் கிலோ ஏற்றினார், ஆனால் அடுத்த நாள் வைத்தி தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றியதும் டீக்கடைக்காரர் தானாகவே லேசாகிவிட்டார். அப்படித்தான் மீதிப் பாதியும் தெரிந்தது: சொன்னால் இடம் மாறும், சரிசெய்தால்தான் போகும்.

கனிஷ்கா இறங்கிய விதத்தைப் பார்த்து மற்ற ஐந்து பிள்ளைகளும் தங்கள் வீட்டில் சொன்னார்கள். ஐந்து வீடும் ஐந்து விதமாக யோசித்து, கடைசியில் ஒரே கதவைத்தான் தட்டின. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கலியமூர்த்திமேல் ஐம்பத்துநாலு கிலோ ஏறியிருந்தது. அவருடைய மொபெட்டின் இரண்டு டயரும் வெடித்தன, கடையில் அவர் நின்ற இடத்தில் தரைக்கல் விரிந்தது. ஆனால் மச்சானை எப்படிக் கேட்பது, தங்கை வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு காலெடுத்து வைப்பது, ஞாயிற்றுக்கிழமை தேர்வை இத்தனை கிட்டத்தில் வைத்துக்கொண்டு யார் கலைப்பது. மோனிஷா ஒருத்தி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அறுபத்தைந்து காட்டினாள். நோட்டில் அதை எழுதியவரே கலியமூர்த்திதான்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்ல அவருக்கு இன்றைக்கும் வெட்கம்தான், ஆனாலும் மறைக்காமல் சொல்வார். கடை வாசலில் படுத்திருக்கும் பூச்சி என்கிற சவலை நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டு, குனிந்து, அதன் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்குக் கடைத்தெரு நடுவில் பூச்சி உட்கார்ந்துவிட்டது. இளவழகனின் மினிபஸ் ஹாரன் அடித்துப் பார்த்தது, நாய் நகரவில்லை. நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், ஏழு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், அது பாவம் மூச்சு வாங்கிக்கொண்டு தரையோடு தரையாக இருந்தது. சந்தைக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் கூடிவிட்டார்கள். களத்துக்குப் போகப் பஸ்ஸில் வந்த கனிஷ்கா இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புழுதியில் நாயின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதன் தலையைத் தடவினாள். அந்தப் பாரத்தை அவள் ஒரு மாசம் சுமந்தவள், பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருடா உன் காதுல சொன்னது?"

பூச்சியால் தலையைத் தூக்க முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பி இரும்புக்கடையைப் பார்த்தது. ஊரே திரும்பி இரும்புக்கடையைப் பார்த்தது. அங்கே கலியமூர்த்தி இரண்டு நாளைக்குப் பிறகு துள்ளலாக நடந்து பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் கனிஷ்கா, கோபமாகக்கூட இல்லை, "இதுக்குப் பேசத் தெரியாதே மாமா. இது போய் யார்கிட்ட சொல்லும்?"

கலியமூர்த்தி டப்பாவைக் கீழே வைத்தார். நடந்து வந்து அவரும் புழுதியில் உட்கார்ந்தார், வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல். "எல்லாரும் கேளுங்கய்யா," என்றார், "ஆறு வீட்டுக்காரங்க என்கிட்ட சொன்னாங்க, நான் வாயில்லாத ஜீவன் தலையில கட்டிட்டேன்." என்று ஆரம்பித்து மழைக்கோட்டிலிருந்து மண் வரைக்கும் ஒன்றுவிடாமல் சத்தமாகச் சொன்னார். தெருவில் இருந்த அத்தனை காதுக்கும் அது போனது, காதில் பஞ்சு வைத்திருந்தவர்கள்கூட எடுத்துவிட்டுக் கேட்டார்கள். ஐம்பத்துநாலு கிலோவும் அத்தனை பேருக்கும் பிரிந்து ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி எடைதான் வந்தது, அவ்வளவுதான், ஒரு மாசம் பிள்ளைகளை நசுக்கிய பாரம் ஊருக்கு ஆளாளுக்கு ஓர் ஆழாக்கு. பூச்சி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

"இன்னிக்கு சனிக்கிழமை" என்றாள் கனிஷ்கா. "மோனி ஓடிக்கிட்டிருப்பா."

எல்லோரும் ஓடினோம். பஸ்ஸில் ஏறியவர்கள் பஸ்ஸில், மற்றவர்கள் பின்னால். களத்தில் மோனிஷா மழைக்கோட்டோடு ஆறாவது சுற்றில் இருந்தாள், அறுபத்தைந்து கிலோவைக் காலால் இழுத்துக்கொண்டு, உதடெல்லாம் வெள்ளையாக. செல்வராணி இடுப்பில் செருகியிருந்த தையல் கத்தரியை உருவினாள், கழுத்திலிருந்து கீழே வரைக்கும் மழைக்கோட்டை ஒரே வெட்டாக வெட்டிப் பிளந்து பிள்ளையை வெளியே எடுத்தாள். இளவழகன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மெதுவா, மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா" என்றான்.

மாஸ்டர் விசிலைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. "நாளைக்கு செலக்‌ஷன் வேணுமா வேணாமா உங்களுக்கு? எல்லாம் இவளுக்காகத்தான் பண்றேன். நான் தப்பு பண்ணியிருந்தா எனக்கும்ல ஏறியிருக்கணும்? வாங்க, தராசுல ஏத்திப் பாருங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார். ஊர்வலமாக இரும்புக்கடைக்குத் திரும்பினோம். தராசில் ஏறினார், எழுபத்துநாலு கிலோ. பொங்கலுக்கும் எழுபத்துநாலு, சித்திரைக்கும் எழுபத்துநாலு, ஒரு கிராம் கூடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கூட்டத்தில் பாதிப் பேர் அந்த நிமிஷம் தடுமாறினோம். ஒன்பது வருஷக் கண்ணாடி டம்ளர் சும்மாவா. அவர் எதையும் மறைத்ததாகவே நினைக்கவில்லை, அது பயிற்சி என்று மனதாரவே நம்பினார், அதனால் அவருக்கு ஏறவில்லை. அது புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கனிஷ்காவுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. மோனிஷாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தராசின் முன்னால் நிறுத்தினாள். "நீ சொல்லு மோனி. எங்ககிட்ட வேணாம், அவர்கிட்டயே சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

மோனிஷா கனிஷ்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு மாஸ்டர்" என்றாள். "தண்ணி கேட்டேன். நீங்க வாட்ச்சைப் பாத்தீங்க. இன்னொரு தடவையும் கேட்டேன். எனக்கு செத்துருவேனோன்னு இருந்துச்சு. அம்மாகிட்ட போன்ல சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்னு சொன்னேன். அம்மா பயந்துபோய் சைக்கிளை வித்துடச் சொல்லிட்டாங்க. வித்துட்டாங்க மாஸ்டர். நான் நடந்துதான் ஸ்கூலுக்குப் போறேன்."

தராசு முள் நகர்ந்தது. எழுபத்தைந்து. எழுபத்தேழு. சைக்கிளுக்கு எண்பது. பிள்ளை பேசப் பேச அவளுக்கு இறங்கி அவருக்கு ஏறியது, எண்பத்து மூன்றில் வந்து நின்றது. மாஸ்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். விசிலைக் கழற்றி ஆணிப் பெட்டிமேல் வைத்தார். தராசை விட்டு இறங்கக் காலைத் தூக்கினார், தூக்க முடியாமல் தூக்கி, தெருவோடு நடந்து போனார். அவர் நடந்த தடம் தார் ரோட்டில் அரை அங்குலம் பதிந்திருந்ததை நீங்கள் இப்போது வந்தாலும் பார்க்கலாம், மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும், பூச்சி வந்து குடிக்கும்.

கலியமூர்த்தி அங்கேயே எல்லார் முன்னாலும் பிள்ளைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, மச்சான் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே சொன்னார். தங்கை அவரோடு பொங்கல் வரைக்கும் பேசவில்லை, அதற்கு அவர் மொட்டை மாடியில் தனியாக அழுதார் என்று அவர் மனைவி சொன்னாள். திங்கட்கிழமை விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், மாஸ்டர் இனி எந்தப் பிள்ளைக்கும் விசில் ஊத முடியாது என்று எழுதிக் கையெழுத்தானது, அந்த மத்தியானமே ஊரில் எல்லோருடைய ஆழாக்கும் இறங்கியது. சனிக்கிழமை சந்தையில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே நேரத்தில் ஒரு பெருமூச்சு விட்டோம், வேப்பமரம் அசைந்தது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை தேர்வு இருந்தது. பிள்ளைகள் ஆறு மணிக்கே மினிபஸ்ஸில் இட்லி தின்றுகொண்டு போனார்கள். கனிஷ்கா நாற்பத்தாறு, உள்ளே விட்டார்கள், கபடி பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள், மாவட்ட அணியில் எடுத்துக்கொண்டார்கள். மோனிஷா ஐம்பத்தாறு. அந்த ஒரு கிலோ அவளுடையதேதான், யாரிடம் சொன்னாலும் இறங்காது, வாசலோடு திருப்பிவிட்டார்கள். அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு வேலிக்கு வெளியே நின்று கனிஷ்காவின் பங்கு இட்லியையும் தின்றுகொண்டு, அன்றைக்கு அந்த மைதானத்திலேயே பெரிய சத்தம் போட்டவள் அவள்தான். அடுத்த வருஷம் பெரிய பிள்ளைகள் பிரிவு, அறுபத்தைந்து கிலோ வரைக்கும் இடம் இருக்கிறது.

இப்போது இமயத்தில் ஒரே சிட்டிகைதான், நெற்றிக்கு. புது மாஸ்டர் ஒரு பெண், களத்தின் நாலு மூலையிலும் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறார். எடை பார்ப்பது மட்டும் இன்னும் உண்டு, ஐம்பத்தைந்துக்காக அல்ல. போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், கலியமூர்த்தி ஷட்டரை முழுசாகத் தூக்கி வைப்பார், செல்வராணி வந்து பிள்ளையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கடையில் ஓர் ஆணிகூட விற்பனை கிடையாது.

போன வெள்ளிக்கிழமை கனிஷ்காவுக்கே முந்நூறு கிராம் கூடியிருந்தது. விசில் ஊதி ஆட்டம் நின்றது. பிள்ளைகள் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஆணி வாங்க வந்த கொத்தனார் கைகட்டி ஓரமாக நின்றார். கலியமூர்த்தி நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லும்மா. என்ன ஆச்சு?"

கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள், செயலாளரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு பரோட்டா, மாமா. அம்மாவுக்குத் தெரியாம."

வாசலில் மோனிஷா சிரித்த சிரிப்பு தண்ணீர்த் தொட்டிவரைக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், செல்வராணி மகள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பெல்லாம் அடங்கும்வரை இருந்தார், பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்ல, மாமா. இருந்தா சொல்ல மாட்டேனா?"

அவர் நோட்டில் "பரோட்டா" என்று எழுதிக்கொண்டார்.